மூன்று விரல் கொழுக்கட்டை

முதலில் ஒரு மன்னிப்பு.

மாவு மில் நடத்துகிறவன் வாராவாரம் பத்தி எழுதுவதே கொஞ்சம் அதிகம்தான். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். நாலு பேர் முன்னால் நின்று பேசு என்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பேச வராததால்தான் எழுதுகிறேன். இது உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் சகித்துக்கொண்டு வருகிறீர்கள்.

ஆனால் இந்த வாரம் எழுதப்போவது என் வீட்டுக் கதைகூட இல்லை. இன்னொரு வீட்டின் துக்கம். அதை எழுத நான் யார்? அந்த வீட்டாரிடமே கேட்டேன். 'எழுதுங்க, பேரை மட்டும் மாத்திருங்க' என்றார்கள். மாற்றிவிட்டேன். இருந்தாலும் கை கூசுகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருக்கார்த்திகை அன்று விடிந்ததும் செல்போன் சிணுங்க ஆரம்பித்தது. எல்லாம் வாழ்த்து. விளக்குப் படம், மலைப் படம், விளக்கும் மலையும் சேர்ந்த படம். ஒரே படத்தைப் பல பேர் அனுப்பியிருந்தார்கள். அதில் ஒருவர் என் பக்கத்துக் கடைக்காரர். எட்டிப் பார்த்தால் என் முகம் தெரியும் அவருக்கு!

வாழ்த்து இப்போது சுலபம். ஒரு கட்டைவிரல் போதும்.

கொழுக்கட்டைக்கு அப்படி இல்லை. அதற்கு மற்ற நாலு விரலும் வேண்டும்.

எங்கள் போடிப் பக்கம் கார்த்திகை என்றால் பிடி கொழுக்கட்டை. பச்சரிசி மாவு, கருப்பட்டிப் பாகு, தேங்காய், ஏலக்காய். பிசைந்து, ஒரு கை அள்ளி, உள்ளங்கையில் வைத்து ஒரே பிடி. அப்படியே ஆவியில் வேகவைப்பது. வெந்த பிறகும் பிடித்த கையின் தடம் போகாது. நாலு விரல், நாலு பள்ளம். என் வீட்டுக்காரி பிடித்தது ஒல்லியாக, நெருக்கமாக இருக்கும். எதிர்வீட்டு அம்மாள் பிடித்தது வாழைப்பூ மாதிரி விரிந்திருக்கும். தட்டைப் பார்த்தே எந்த வீட்டுக் கொழுக்கட்டை என்று நான் சொல்லிவிடுவேன். எனக்கு இருக்கிற ஒரே திறமை அதுதான்.

கார்த்திகைக்கு முந்தின நாட்களில் மில்லில் மூச்சுவிட நேரமிருக்காது. ஊறவைத்து வடித்த ஈர அரிசி, பாத்திரம் பாத்திரமாக வரிசையில் நிற்கும். எந்த வீட்டில் பலகாரம் என்பது எனக்குத்தான் முதலில் தெரியும். எந்த வீட்டில் இல்லை என்பதும்தான். துக்க வீட்டிலிருந்து அரிசி வராது. ஒரு வருசத்துக்கு அங்கே பண்டிகை கிடையாது. விளக்கு வரிசை கிடையாது. இனிப்பு கிடையாது.

இந்த வருசம் குரங்கணிக்கு மேலே இருக்கும் சுருளியப்பன் அண்ணன் வீட்டு அரிசி வரவில்லை. வராது என்று எனக்குத் தெரியும். அவர் மனைவி பவுனம்மா மதினி ஐப்பசி மழையில் இறந்துபோனார். நானும் போய் மாலை போட்டுவிட்டு வந்தேன்.

மதினி எனக்குச் சொந்தமில்லை. ஆனாலும் வருசா வருசம் கார்த்திகைக்குக் கீழே ஏழெட்டு வீடுகளுக்கு அவர் கொழுக்கட்டை அனுப்புவார். அதில் ஒரு தூக்கு எனக்கு. தூக்குவாளியை நாங்கள் தூக்கு என்றுதான் சொல்வோம். மில்லுக்கு வந்தால் என்னை ஒரு வழி பண்ணிவிடுவார்.

"என்ன கொழுந்தனாரே, வாயில என்ன கொழுக்கட்டையா? கேட்டா பதில் சொல்ல மாட்டீகளா?"

நான் சிரிப்பேன். அதற்கு மேல் எனக்கு வராது.

இப்போது விசயத்துக்கு வருகிறேன்.

கார்த்திகை அன்று பொழுது சாய்கிற நேரம். தெருவில் ஒவ்வொரு வாசலிலும் அகல் ஏறிக்கொண்டிருந்தது. மலையிலிருந்து இறங்கிய பாண்டியின் ஜீப் மில் முன்னால் வந்து நின்றது. பாண்டி தினமும் குரங்கணிப் பக்கம் ஆளும் லோடும் ஏற்றுகிறவன். வாய் ஓயாது. அன்றைக்கு வாயே திறக்கவில்லை. ஒரு தூக்கை இறக்கி வைத்தான்.

"மேலருந்து" என்றான்.

என் முகத்தைப் பார்க்காமலே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

தூக்கைத் திருப்பினேன். பக்கவாட்டில் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது. பவுனம்மா.

திறந்தேன். ஏலக்காய் வாசம் முகத்தில் அடித்தது. உள்ளே கொழுக்கட்டை.

ஒன்றை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்தேன். பிடித்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

மூன்றே தடம். சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். ஆள்காட்டி விரல் பதிய வேண்டிய இடத்தில் பள்ளம் இல்லை. வழவழவென்று மேடு.

அடுத்ததை எடுத்தேன். மூன்று தடம். அதற்கடுத்தது… அதுவும்.

பவுனம்மா மதினிக்கு வலது கையில் ஆள்காட்டி விரல் கிடையாது. ஏலக்காட்டில் களை அரிவாள் கொண்டுபோனது. 'சுட்டிக் காட்டுற விரலே இல்ல, நான் யாரைக் குத்தம் சொல்லப் போறேன்' என்று அவரே சிரிப்பார். மூன்று விரல் கொழுக்கட்டை என்றால் இந்த வட்டாரத்தில் ஒரே கைதான்.

அந்தக் கை ஐப்பசியில் எரிந்துபோனது. நான் பார்த்தேன்.

வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். ஒரு நொடிதான். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இது வீட்டுக்குள்ள வரக் கூடாது. சொல்லிட்டேன்."

"செல்வி பிடிச்சிருக்கும்" என்றேன். செல்வி அவர்கள் மகள், ஒரே பிள்ளை.

"செல்விக்கு அஞ்சு வெரலும் இருக்குல்ல? துக்க வீட்டுல எவ கொழுக்கட்டை புடிப்பா? அதுசரி, மாவுக்கு எங்க போனா? உங்க மில்லுக்கு அரிசி வந்துச்சா?"

அதுதான் என்னை உலுக்கியது. அந்த வீட்டு அரிசி என் மில்லுக்கு வரவே இல்லை. அவர்கள் வேறு மில்லுக்குப் போகிறவர்களும் இல்லை. அப்படியென்றால் இது எந்த மாவு?

இருட்டுவதற்குள் போன் மேல் போன். 'உங்களுக்கும் வந்துச்சா?' எல்லா வீட்டுக்கும் வந்திருந்தது. எல்லாவற்றிலும் மூன்று தடம். ஒரு வீட்டில் வாய்க்காலில் கொட்டிவிட்டார்களாம். ஒரு வீட்டில் மாட்டுக்கு வைத்தார்களாம், மாடு முகர்ந்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டதாம். அந்த மாடு நல்ல நாளிலேயே எதையும் ஒழுங்காகத் தின்னாது. ஆனால் அன்றைக்கு அதைச் சொல்லும் தைரியம் யாருக்கு இருந்தது?

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். பலகாரம் வந்த பாத்திரத்தை நாங்கள் வெறுசாகத் திருப்பிக் கொடுக்க மாட்டோம். பொரியோ, பழமோ, ஒன்றும் இல்லையென்றால் ஒரு பிடி சர்க்கரையோ போட்டுத்தான் அனுப்புவோம். துக்க வீட்டுப் பாத்திரம் மட்டும் விதிவிலக்கு. அதைக் கழுவி, வெறுசாகத்தான் கொடுக்க வேண்டும். அதில் எதையாவது போட்டால் சாவை வாழ்த்துகிற மாதிரி என்பார்கள்.

மறுநாள் எல்லா வீட்டுத் தூக்கும் கழுவப்பட்டு, வெறுசாக, பாண்டியின் ஜீப்பில் மலையேறின.

என்னிடம் வந்தது மட்டும் மில் அலமாரியில் கிடந்தது. வீட்டுக்குள் விட அவளுக்குப் பயம். கொட்ட எனக்கு மனசில்லை. தின்னவும் துணிவில்லை. காலையில் மில்லைத் திறக்கும்போதெல்லாம் முதலில் அதைத்தான் பார்ப்பேன். கருப்பட்டி போட்ட பண்டம்… ஓர் எறும்புகூட ஏறவில்லை. குளிர்காலத்தில் எறும்பு வெளியே வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மில்லின் இன்னொரு மூலையில் கொட்டிக்கிடந்த மாவில் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது.

பிறகு ஒருநாள் காலையில் பாண்டி வந்தான். வண்டியை அணைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தான். அவன் வண்டியை அணைத்துவிட்டு வருகிறான் என்றால் விசயம் பெரிது.

"அண்ணே, உங்க தூக்கு மட்டுந்தான் பாக்கி."

"தெரியும்."

"மத்ததெல்லாம் வெறுசாப் போயிருச்சு. பெருசு வாசல்லயே உக்காந்துருக்கும். நான் தூக்கை வச்சதும் மூடியத் தொறந்து கைய விட்டுத் தொழாவும். ஒண்ணுமில்லேன்னதும் ஒண்ணும் பேசாது. அடுத்த தூக்கு. அதுலயும் தொழாவும்." பாண்டி அலமாரியில் இருந்த தூக்கைப் பார்த்தான். "இப்பச் சோறு திங்க மாட்டேங்குது. செல்வி அழுவுது. சுகருக்கு மாத்திரை போடணும், வெறும் வயித்துல எப்படிப் போடும்? மில்லுச் சித்தப்பா தூக்கு எப்ப வரும்னு செல்விதான் கேட்டுச்சு."

சுருளியப்பன் அண்ணனுக்குச் சர்க்கரை நோயில் இரண்டு கண்ணும் போய்விட்டன. அது போன வருசமே. கையால்தான் பார்ப்பார்.

வீட்டுக்காரி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"என்ன பாக்குறீக?" என்றாள்.

"ஒண்ணுமில்ல."

"துக்க வீட்டுத் தூக்குல ஒண்ணும் போடக் கூடாது."

"சரி."

உள்ளே போனாள். கார்த்திகைக்கு வெல்லப் பாகில் கிளறி வைத்திருந்த பொரியோடு வந்தாள். அந்தத் தூக்கைத் தொட்டாள். முதல் தடவை தொட்டாள். கொழுக்கட்டையை இலையில் கொட்டி மூடி, தூக்கைக் கழுவித் துடைத்து, பொரியைப் போட்டு அமுக்கினாள்.

"உசுரோட இருக்கிற மனுசனுக்குத்தானே போடுறோம்? போங்க. பாண்டிகிட்டக் குடுத்து விடாதீக. நீங்களே போயி ஒரு வார்த்தை பேசிட்டு வாங்க."

என்னைப் பேசச் சொல்கிறாள்! என்னை!

ஜீப் குரங்கணியைத் தாண்டி ஏற ஆரம்பித்ததும் மேகம் இறங்கிவிட்டது. முன்னால் ரோடு தெரியவில்லை. பக்கத்தில் பள்ளமும் தெரியவில்லை, அது ஒரு வகையில் நல்லதுதான். தூறல். மடியில் தூக்கு. அதன் மேல் வெட்டியிருந்த பேர் என் உள்ளங்கையில் உறுத்திக்கொண்டே வந்தது.

"அண்ணே, அங்க போயி மதினி பேச்சை எடுத்துராதீக" என்றான் பாண்டி.

"ஏன்?"

"பெருசுக்கு இன்னும் சொல்லல."

எனக்கு ஒரு நிமிசம் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. மதினி இறந்தபோது அண்ணன் காலில் புண்ணோடு தேனியில் ஆசுபத்திரியில் கிடந்தார். இதயமும் பலவீனமாக இருக்கிறது, இப்போது சொல்ல வேண்டாம் என்று சொந்தக்காரர்கள் முடிவு செய்தது எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் சொல்லியிருப்பார்கள் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

"யாரு சொல்றதுன்னு ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டே இருந்துட்டாக" என்றான். "பூப்பாறையில மதினி தங்கச்சிக்கு ஒடம்புக்கு முடியல, அம்மா அங்கே போயிருக்குன்னு செல்வி சொல்லி வச்சிருக்கு. பெருசு போன் போடு, பேசுறேங்கும். அங்க டவரு கெடையாதுப்பான்னு செல்வி சொல்லும்."

"அப்ப… கொழுக்கட்டை?"

பாண்டி ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அதை என்கிட்டக் கேக்காதீக. தூக்கைக் கொண்டாந்து குடுத்தது செல்விதான். உள்ள எந்தக் கை புடிச்சுச்சுன்னு நான் கேக்கவும் இல்ல, தொறந்து பாக்கவும் இல்ல. மலையில வண்டி ஓட்டுறவன் சில கேள்வியக் கேக்கக் கூடாதுண்ணே."

ஜீப் நிற்கும் இடத்திலிருந்து கொஞ்சம் மேலே நடக்க வேண்டும். பாண்டி வரவில்லை. 'எனக்கு வண்டியில சோலி இருக்கு' என்றான். என்ன சோலி என்று நான் கேட்கவில்லை.

தகரக் கூரை வீடு. மேகத்துக்குள் பாதிதான் தெரிந்தது. வாசலைப் பார்த்ததும் கால் தயங்கியது. துக்க வீட்டு வாசலில் அகல் வரிசை! திரி கருகி, எண்ணெய்க் கறையோடு, கார்த்திகை அன்று ஏற்றியது அப்படியே இருந்தது.

நாய் குரைத்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து இல்லை. எனக்கு முதுகைக் காட்டி நின்று, வீட்டுக்குள் பார்த்துக் குரைத்தது.

கதவுக்குப் பின்னால் கட்டிலில் சுருளியப்பன் அண்ணன் உட்கார்ந்திருந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பக்கத்தில் தட்டில் சோறு, காய்ந்து போய்.

"யாரு?"

"நான்தாண்ணே. மாவு மில்லு."

அவர் தலையைச் சாய்த்து, ஏதோ தூரத்துச் சத்தத்தைக் கேட்கிற மாதிரி இருந்தார்.

"மில்லுக்காரரா? நான் பேசுறது உங்களுக்குக் கேக்குதா?"

"கேக்குதுண்ணே."

"நல்லாக் கேக்குதா?"

"நல்லாக் கேக்குதுண்ணே."

"நாய் என்னைப் பாத்துக் குலைக்குது, பாத்தீகளா? அதுக்குத்தான் மொதல்ல தெரியுமாம்."

அடுப்படி இருட்டிலிருந்து செல்வி வந்து நின்றாள். பேச வேண்டாம் என்று கையால் சைகை காட்டினாள். அந்தக் கையில் ஐந்து விரலும் இருந்தன. நான் எண்ணிப் பார்த்தேன், வெட்கத்தோடு சொல்கிறேன்.

"மில்லுக்காரரே, ஒண்ணு கேக்குறேன். மறைக்காமச் சொல்லணும்" என்றார் அண்ணன். "ஆசுபத்திரியிலருந்து நான் உசுரோடயா வந்தேன்?"



"அப்பா, என்ன பேச்சு இது…" என்றாள் செல்வி.

"நீ இரு தாயி. நீ எம்புள்ள, நீ என்கிட்டப் பேசுவ. செத்த அப்பன் படத்துக்கு முன்னாடி நின்னு புள்ளைக பேசறதில்லையா? அவரு வெளியாளு, அவரு சொல்லட்டும்." என் பக்கம் திரும்பினார். கண் இல்லாத முகம். ஆனால் சரியாக என்னைப் பார்த்தது. "கேளுங்க. கார்த்திகைக்கு எம்பொஞ்சாதி வந்துருக்கா. கொழுக்கட்டை புடிச்சுருக்கா. அவ கைதான், நான் தொட்டுப் பாத்துட்டேன். ஆனா என்னை எழுப்பல. தூங்குற ஆளைத் தட்டி எழுப்பி வைய்யிறவ அவ. இப்ப ஒரு வார்த்தை பேசாமப் போயிருக்கா. எதுக்கு?"

நான் செல்வியைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பாண்டிப் பய 'என்ன பெருசு, இன்னும் போகலையா'ன்னு கேலி பேசாம வண்டிய எடுக்க மாட்டான். இப்பத் தூக்கை வச்சுட்டு ஓடுறான். கார்த்திகைக்கு ஒருத்தரும் வாசல் மிதிக்கல. ஒரு வாழ்த்து இல்ல. தூக்கெல்லாம் வெறுசா வருது. எந்த வீட்டுத் தூக்கு வெறுசா வரும்? உங்களுக்குத் தெரியாதா? அதான் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. செத்தவனுக்கு எதுக்குச் சோறு? படைச்சாப் போதும்."

காய்ந்த தட்டைப் பார்த்தேன். அதற்கு அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. அவர் கோபத்தில் பட்டினி கிடக்கவில்லை. தான் இறந்துவிட்டதாக நிச்சயம் பண்ணி, முறையாக நடந்துகொண்டிருந்தார்.

எனக்கு என்ன சொல்லத் தெரியும்? மதினி சொன்ன மாதிரி வாயில் கொழுக்கட்டைதான். பேசத் தெரியாதவன் செய்யக்கூடியதைச் செய்தேன். தூக்கை அவர் மடியில் வைத்தேன்.

அவர் தடவினார். பேர் வெட்டிய இடத்தில் விரல் நின்றது. மூடியைத் திறந்து கையை விட்டார்.

கை நின்றது.

"பொரி" என்றார். "பொரி இருக்கு. செல்வி, பொரி போட்டுக் குடுத்துருக்காக!"

"ஆமாப்பா. உனக்குத்தான். சாப்பிடுப்பா."

அள்ளி முகர்ந்தார். என் கையைத் தேடிப் பிடித்து அழுத்தினார். சூடான கை. உயிருள்ள கை. அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். முகம் மலர்ந்தது. அப்பாடா, மலையேறி வந்தது வீண் போகவில்லை என்று நான் நினைத்த அந்த நொடியில், அந்த மலர்ச்சி மெதுவாக அணைந்தது.

"அப்பச் செத்தது நான் இல்ல" என்றார்.

மடியிலிருந்த தூக்கைத் திரும்பத் தடவினார்.

"நான் இல்லேன்னா… மத்த தூக்கெல்லாம் எதுக்கு வெறுசா வந்துச்சு?"

செல்வி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"தாயி, மாவு மிச்சம் இருக்கா?"

"…இருக்குப்பா."

"வெந்நி ஊத்திப் பெசஞ்சு கொண்டா. இங்க வந்து உக்காரு. எம்முன்னாடி ஒண்ணு புடி."

மறுப்பாள் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. அவளும் களைத்துப் போயிருக்க வேண்டும். மாவோடு வந்து அவர் காலடியில் உட்கார்ந்தாள். ஒரு கை அள்ளினாள். பிடித்தாள். பழக்கமோ, பயமோ, ஆள்காட்டி விரல் மட்டும் மாவைத் தொடாமல் மேலே நிமிர்ந்து நின்றது.

அண்ணன் கையை நீட்டி அவள் மூடிய கையைத் தொட்டார். சுண்டுவிரல். மோதிரவிரல். நடுவிரல். பிறகு மேலே போனார். நிமிர்ந்து நின்ற அந்த விரலைப் பிடித்தார். கொஞ்ச நேரம் பிடித்தபடியே இருந்தார். அப்புறம், குழந்தைக்கு எழுத்துச் சொல்லித் தருகிற மாதிரி, அதை மெல்ல மடக்கி மாவின் மேல் வைத்து அழுத்தினார்.

நாலாவது தடம் விழுந்தது.

"எப்ப தாயி?"

"ஐப்பசியில. நீ ஆசுபத்திரியில இருக்கையில."

"மழையா?"

"நல்ல மழைப்பா."

"வலியில நொம்பலப்பட்டாளா?"

"இல்லப்பா. வெறகு அடுக்கிக்கிட்டு இருந்துச்சு. உக்காந்துச்சு. அவ்வளவுதான்."

"கொள்ளி?"

"பெரியப்பா மகன் வச்சாரு."

தலையை ஆட்டிக்கொண்டார். அழுதார். சத்தம் வரவில்லை. தூக்கை மட்டும் இரண்டு கையாலும் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். வெளியே நாய் எப்போது குரைப்பதை நிறுத்தியது என்று தெரியவில்லை.

வெகுநேரம் கழித்து, "சோத்தைப் போடு தாயி. மாத்திரையக் கொண்டா" என்றார்.

செல்வி என்னை ஜீப் வரை கொண்டுவந்து விட்டாள். வழியில் எல்லாம் சொன்னாள். கார்த்திகைக்குக்கூட வராம அவ என்ன பொம்பள, நானே போயிக் கூட்டியாறேன் என்று அண்ணன் தடியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாராம். கண் தெரியாத மனுசன், மலை ரோட்டில்! அவரை நிறுத்த அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. அம்மா வந்து புடிச்சு வச்சிட்டு வெரசாப் போயிருச்சுப்பா, நீ தூங்கிட்ட என்று ஒன்றைக் கையில் கொடுத்திருக்கிறாள். தடவிப் பார்த்தவர் சிரித்திருக்கிறார். எப்பவும் போல எல்லா வீட்டுக்கும் அனுப்பு, விளக்கேத்து என்றிருக்கிறார். ஒரு பொய் சொன்னால் அதற்கு அகல் ஏற்ற வேண்டியிருக்கிறது, ஏழெட்டு வீட்டுக்குப் பலகாரமும் அனுப்ப வேண்டியிருக்கிறது.

"மாவு?" என்றேன். மில்லுக்காரன் வேறு என்ன கேட்பான்?

"உரல்ல இடிச்சேன் சித்தப்பா. மில்லுக்கு அரிசி அனுப்புனா நீங்க கேப்பீகல்ல?" முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கொழுக்கட்டை நல்லாருந்துச்சா?"

நான் தின்னவில்லை. யாருமே தின்னவில்லை. அதை எப்படிச் சொல்வது? தெரிந்ததைச் சொன்னேன்.

"நல்ல ஏலக்கா வாசம்."

செல்வி நின்றாள்.

"ஏலக்காயா? நான் ஏலக்கா போடலையே சித்தப்பா. அம்மா வச்சிருந்த டப்பாவத் தொறக்க எனக்கு மனசு வரல. இன்னும் தொறக்கல."

பாண்டி ஹாரன் அடித்தான். ஏறி உட்கார்ந்தேன்.

ஏலமலைச் சரிவில் காற்றே ஏலக்காய்தான். துணியில், தண்ணீரில், எல்லாவற்றிலும் ஏறிவிடும். ஜீப் இறங்க இறங்க இதைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். வீட்டுக்காரியிடம் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

பயந்தது எதற்கு என்று யோசித்துப் பார்த்தேன். செத்தவர் கையிலிருந்து பலகாரம் வந்துவிட்டதே என்று ஊரே நடுங்கியது. அதே நேரத்தில் மலைமேல் ஒருவர், உயிரோடு இருக்கும் நம் கைகளிலிருந்து ஒன்றும் வரவில்லையே என்று துழாவிக்கொண்டிருந்தார். இதில் யார் யாரைப் பயமுறுத்தினார்கள்? செல்போனில் வந்த அத்தனை வாழ்த்தில் ஒன்றுகூட அவர் வாசலுக்குப் போகவில்லை. நானும்தான் அனுப்பவில்லை.

அன்று சாயங்காலம், இலையில் மூடி வைத்திருந்த கொழுக்கட்டையில் ஒன்றை எடுத்துத் தின்றேன். கல்லாகக் காய்ந்திருந்தது. இனிப்பாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை பாண்டி அதே தூக்கை மில்லில் இறக்கி வைத்தான். ஈர அரிசி இருந்தது. மேலே காகிதத்தில் மடித்த கொஞ்சம் ஏலக்காய். மதினிக்குப் படையல் போடப் போகிறார்கள், சேர்த்து அரைத்துத் தரச் சொன்னார்கள் என்றான். அரைத்து அனுப்பினேன்.